பாட்டு அறுந்ததா?

போன ஞாயிறு மாலை மாமல்லபுரம் கடற்கரையில் சில பையன்கள் மணலில் கோடு கிழித்துக் கபடி ஆடிக்கொண்டிருந்தார்கள். பாடிப் போனவன் யாரையும் தொடாமல் பக்கக் கோட்டைத் தாண்டிவிட்டான். அவனைத் துரத்திப் போன மூன்று பேரும் அவுட்டா இல்லையா என்று ஒரே சண்டை. எனக்குச் சிரிப்பு வந்தது. இதே சண்டையால் ஆசிய விளையாட்டு இறுதிப் போட்டி ஏறக்குறைய ஒரு மணி நேரம் நின்றுபோனது, நினைவிருக்கிறதா நண்பர்களே?

2023 அக்டோபர் 7, சீனாவின் ஹாங்சோ நகரம். இந்தியாவும் ஈரானும் 28–28. மீதி ஒரு நிமிடம் சொச்சம். கேப்டன் பவன் செராவத் பாடிப் போகிறார். புள்ளி இல்லாமல் திரும்பினால் அவரே அவுட் ஆகும் 'டூ ஆர் டை' ரெய்டு. யாரையும் தொடாமலே லாபியில் கால் வைத்துவிட்டார். ஈரான்காரர்கள் நான்கு பேர் அவர் பின்னாலேயே பாய்ந்தார்கள்.

ஆடுகளத்தின் இரு ஓரங்களிலும் இருக்கும் பட்டைதான் லாபி. ஒருவரை ஒருவர் தொட்ட பிறகே அது ஆடுகளத்தில் சேரும். தொடாமல் உள்ளே போனவர் எல்லோரும் அவுட், துரத்தியவர்களும்கூட. இது பழைய விதி. ரெய்டர் வெளியே போனதுமே ஆட்டம் நின்றுவிடும், துரத்தியவர்களுக்குப் பாதிப்பில்லை என்பது புரோ கபடியில் வந்த புதிய விதி. பழைய கணக்கில் இந்தியாவுக்கு 4, ஈரானுக்கு 1. புதிய கணக்கில் ஈரானுக்கு மட்டும் 1.

நடுவர்கள் ஒன்றைச் சொன்னார்கள், மாற்றினார்கள், திரும்பவும் மாற்றினார்கள். வீரர்கள் களத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியில் பழைய விதி நின்றது. 33–29 என்று தங்கம் நமக்கு. 2018 ஜகார்த்தா அரையிறுதியில் இதே ஈரானிடம் தோற்றிருந்தோமே, அந்த வலி தீர்ந்தது. நானும் கைதட்டினேன். ஆனாலும் ஃபசல் அத்ராச்சலி போன்ற ஈரான் வீரர்கள் புரோ கபடியில் ஆடிப் புதிய விதிக்குப் பழகியவர்கள். நம்மவர்களும் அப்படித்தான். எந்தப் புத்தகம் என்பதை விசில் ஊதும் முன்பே எல்லோர் காதிலும் போட்டிருக்க வேண்டாமா?

1936இல் பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதிக்காரர்கள் இந்த ஆட்டத்தை ஆடிக் காட்டினார்கள். 1990இல் பெய்ஜிங்கில் ஆசிய விளையாட்டுக்குள் வந்தது. மண் தரை போய் மேட் வந்தது. ஆனால் நடுவரின் வேலையை அடியோடு மாற்றியது 30 விநாடிக் கணக்குதான். நாங்கள் சடுகுடு என்று ஆடிய காலத்தில் ரெய்டுக்கு நேரம் கிடையாது, மூச்சுதான் நேரம். மூச்சு விட்டானா, பாட்டு அறுந்ததா என்று நடுவர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பாட வேண்டும் என்ற விதி இன்றும் உண்டு. ஆனால் இப்போது தீர்ப்பு சொல்வது பெரும்பாலும் கடிகாரம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், செங்கல்பட்டு வட்டாரத்தில் நானும் பல வருடம் விசில் ஊதியவன். 1987இல் கடலோரத்தில் ஒரு பள்ளி அணிகளின் இறுதிப் போட்டி. ஒரு புள்ளிதான் வித்தியாசம், கடைசி ரெய்டு. ஒல்லியான பையன் ஒருவன் இரண்டு பேரைத் தொட்டுவிட்டு, கோட்டை நோக்கிப் பாய்ந்தான். 'பாட்டு அறுந்தது, அவுட்' என்று கையைத் தூக்கிவிட்டேன். அன்று கடல்காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது. அவன் பாட்டு அறுந்ததா, காற்றில் எனக்குக் கேட்காமல் போனதா என்று இரவு வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன். அவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "சரிங்க சார்" என்று மணலைத் தட்டிவிட்டுப் போய்விட்டான்.

அவனுக்கு இப்போது ஐம்பது வயது தாண்டியிருக்கும். இதைப் படிக்க நேர்ந்தால், தம்பி, இன்பாக்ஸில் ஒரு வரி போடு. அன்று நீ மூச்சு விட்டாயா?