வெள்ளத்துக்கு ஒத்திகை

திருநெல்வேலியில் ஆற்றங்கரையை ஒட்டிய ஓர் அலுவலகத்துக்கு நண்பரைப் பார்க்கப் போயிருந்தேன். போன வேளை, அங்கே வெள்ள ஒத்திகை. சும்மா நின்ற என்னையும் விடவில்லை. "நீங்களும் ஒரு கை கொடுங்கள்" என்று பதிவேட்டுக் கட்டு ஒன்றைத் தூக்கித் தந்துவிட்டார்கள்.

சங்கு ஊதியது. அதுவரை தீ விபத்துக்கே பழகியவர்கள் போலும். மாடியிலிருந்தவர்கள் தடதடவென்று கீழே இறங்கினார்கள். "வெள்ளமென்றால் ஏற வேண்டுமய்யா!" என்று ஒருவர் கத்தினார். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் படிக்கட்டில் முட்டிக்கொண்டார்கள். ஒரே சிரிப்பு. நானும்தான் சிரித்தேன்.

மேலே போனால், பதிவேடுகளை வைக்கவேண்டிய அறை பூட்டிக் கிடந்தது. சாவிக்காரர் அன்று லீவு.

"வெள்ளம் வந்த அன்னைக்கும் லீவு நாளுதானய்யா" என்றார் பக்கத்தில் நின்ற வயதான பியூன். சிரிப்பு அடங்கிவிட்டது.

2023 டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை. அன்று தொடங்கிய மழை, மறுநாள் காலைக்குள் காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர். அந்த வட்டாரம் வருஷம் முழுவதும் காணும் மழையைவிட அது அதிகம். தாமிரபரணிக்கு இது புதிதல்ல. சுலோசன முதலியார் கைப்பணம் போட்டுக் கட்டி, 1843-ல் திறந்த பாலத்திலும் ஒரு பகுதியை 1869 வெள்ளம் கொண்டு போயிற்று. 1992 நவம்பர் வெள்ளத்தை ஊரில் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். ஆறு மறப்பதில்லை; நாம்தான் மறந்துவிடுகிறோம்.

மறக்காத இடம் ஒன்று உண்டு. குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. வரும் வெள்ளத்தைக் கிழித்து விலக்குவதற்காக, அதன் சுவரைப் படகின் முனைபோல் கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் ஏறுகிறதென்றால் உற்சவரும் உண்டியலும் மேலக்கோயிலுக்குப் போய்விடும். பாறையில் வடித்த மூலவர் தண்ணீருக்குள் இருப்பார். எதைத் தூக்குவது, எங்கே கொண்டு போவது என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. வெள்ளம் வடிந்ததும் கழுவிவிட்டுப் பூஜை.

அதே 2023 வெள்ளத்தில், திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. அதற்கப்பால் தண்டவாளத்தின் அடியிலிருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துவிட்டது. ரயிலை நிறுத்தி வைத்தார்களே, அதில்தான் சுமார் 800 பேரின் உயிர் இருந்தது. புதுக்குடிக்காரர்கள் இருந்த அரிசியைப் பொங்கி அவர்களுக்குப் போட்டார்கள். அவர்களுக்கு யார் ஒத்திகை நடத்தினார்கள்? ஆனால் ரயிலை நிறுத்திய கை, நிறுத்தப் பழகிய கை. பழக்கமும் வேண்டும், மனசும் வேண்டும்.

பதிவேட்டுக் கட்டை மேஜைமேல் வைத்தேன். ஒத்திகை நன்றாக நடந்தது என்று எழுதி என்னிடமும் கையெழுத்துக் கேட்டார்கள். போட்டேன், சாவி இல்லாததையும் ஒரு வரி எழுதிவிட்டுத்தான் போட்டேன். நண்பருக்குக் கொஞ்சம் வருத்தம்.

பிறகு ஒருநாள் அவரே சொன்னார்: இப்போது மூன்று சாவிகளாம். ஒன்று அந்தப் பியூனிடம் இருக்கிறதாம்.