மயில்மேல் மறைந்த பாடகர்

கொல்லிமலையில், வாசலூர்பட்டி போன்றதோர் ஊரில் வளர்ந்த மாணவனுக்குத் தினைப்புனக் காவல் இன்னதென்று எவரும் விளக்க வேண்டுவதில்லை. கதிர் பால்பிடிக்கும் நாளில் பறவைகள் கூட்டங் கூட்டமாக வந்து இறங்கும். பரண்மேல் நின்று கூவியும், கவண்கல் எறிந்தும் அவற்றை ஓட்ட வேண்டும். சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த அம்மலை நிலங்களில், கடந்த ஐம்பது ஆண்டுகளுக்குள் மரவள்ளி பெரிதும் பரவிவிட்டது. பறவைக்கு அஞ்ச வேண்டாத பயிர் அது. ஆயினும் காவற்பரணைக் கண்ட முதியோர் இன்னும் இருக்கின்றனர். அவர்களிடம், பறவை ஓட்டும் பாட்டு ஒன்றைப் பாடியதற்காக ஒருவர் சிறை புகுந்தார் என்று சொல்லிப் பாருங்கள், நம்ப மாட்டார்கள். ஆனால் அது தமிழ்நாட்டில் நடந்ததே.

அவ்வாறு பாடியவர் எஸ். எஸ். விசுவநாததாஸ். 1886-ஆம் ஆண்டு சிவகாசியில் பிறந்தவர். மதுரையை அடுத்த திருமங்கலத்தில் வாழ்ந்தவர். 1920-களிலும் 30-களிலும் தென்மாவட்டங்களில் அவர் பெயரைச் சொன்னால் கொட்டகை நிரம்பும். இன்று கல்லூரி மாணவர் நூற்றுவரைக் கேட்டால் பதின்மராவது அவர் பெயரைச் சொல்வார்களா என்பது ஐயமே. அக்காலத்து மேடைப் பாடகருள் எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் நம் நினைவில் நிற்கின்றனர். அவர்தம் குரலை இசைத்தட்டுக்கள் காத்துத் தந்தன. சுந்தராம்பாளைத் திரைப்படமும் காத்தது. தாஸின் புகழோ தட்டால் வளர்ந்ததன்று. விடியவிடிய மேடையின் முன் அமர்ந்திருந்தோரின் செவிகளில் அது வாழ்ந்தது. அச்செவிகள் ஓய்ந்தபோது அதுவும் மங்கிற்று.

அவர் ஆற்றலை அறிய வேண்டுமாயின், அவர் நின்ற மேடையை முதலில் அறிதல் வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) எழுதிய 'வள்ளி திருமணம்', 'கோவலன்', 'பவளக்கொடி' முதலிய நாடகங்களைத் தமிழ் நடிகர் அனைவரும் மனப்பாடமாக அறிந்திருந்தனர். ஆகவே முறையான குழு ஒன்று இல்லாமலே நாடகம் நடத்த முடிந்தது. ஓர் ஊரிலிருந்து இராஜபார்ட் வருவார்; மற்றோர் ஊரிலிருந்து ஸ்திரீபார்ட் வருவார்; பபூனும் ஆர்மோனியக்காரரும் வேறெங்கிருந்தோ வருவார்கள். மாலையில் சந்திப்பர், இரவு பத்து மணிக்கு மேடையேறுவர், ஒத்திகை என்பதே கிடையாது. இதற்கு 'ஸ்பெஷல் நாடகம்' என்று பெயர். கதை எல்லார்க்கும் தெரிந்தது. எனவே சுவை கதையில் இல்லை. பாட்டிலும், பாத்திரங்கள் எதிரெதிர் நின்று தொடுக்கும் தர்க்கத்திலுமே இருந்தது. தர்க்கமோ அவ்வப்போது பிறப்பது. அதன் இடையே நடிகர் தாம் விரும்பிய பாட்டைச் செருகிக்கொள்ளலாம். அந்த இடைவெளிதான் தாஸுக்குக் கிடைத்த ஆயுதம்.

ஆங்கில அரசு நாடகத்தின் வலிமையை அறியாததன்று. வங்கத்தில் அவுரித் தோட்ட முதலாளிகளின் கொடுமையைக் காட்டிய 'நீல் தர்ப்பண்' 1872-இல் மேடையேறியது. பின்னும் சில வங்க நாடகங்கள் ஆட்சியாளரை எள்ளி நகையாடின. அதன் விளைவாக 1876-இல் நாடக நிகழ்ச்சிகள் சட்டம் பிறந்தது. ஆட்சிக்கு எதிரான உணர்ச்சியைத் தூண்டும் நாடகத்தைத் தடுக்கலாம். தடையை மீறினால் மூன்று மாதம் வரை சிறையிலிடலாம். ஆனால் அச்சட்டம் எழுதிய நாடகத்தை மனத்தில் கொண்டு இயற்றப்பட்டது. 'வள்ளி திருமணம்' பிரதியை எத்தனை முறை புரட்டினாலும் அதில் முருகனும் வள்ளியும் நாரதருமே இருப்பர். அரசநிந்தை எங்கிருந்து கிடைக்கும்?

1919 ஏப்ரல் 13-ஆம் நாள் அமிர்தசரசில் ஜாலியன்வாலா பாக் படுகொலை நிகழ்ந்தது. செய்தித்தாள் படிக்கத் தெரிந்தோர் மிகக் குறைவாயிருந்த நாடு இது. அந்நிலையில் பஞ்சாபின் துயரம் மதுரைச் சீமையின் சிற்றூர்களுக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது என்று வரலாற்று மாணவர் கேட்பது முறை. நாடகப் பாட்டு அதற்கு ஒரு முக்கியமான வழி என்பதே விடை. மதுரகவி பாஸ்கரதாஸ் (1892-1952) அப்பாடல்களைப் புனைந்தவருள் முதன்மையானவர். தாஸ் முதலிய நடிகர் அவற்றை ஊர்ஊராக எடுத்துச் சென்றனர்.

அவற்றுள் ஒன்றே கொக்குப் பாட்டு. தினைப்புனக் காட்சியில் பறவை ஓட்டும் பாட்டு இடம்பெறுதல் இயல்பு. ஆனால் இப்பாட்டில் வரும் கொக்கு வெள்ளைக் கொக்கு. கடல் கடந்து வந்து நம் நாட்டு விளைச்சலைத் தின்று கொழுப்பது. பாட்டின் பொருளை அவையோர் நொடியில் உணர்ந்தனர். மீண்டும் மீண்டும் பாடச் சொல்லி ஆரவாரம் செய்தனர். காவலதிகாரியும் உணர்ந்தார்; ஆனால் கொக்கை ஓட்டியது குற்றமென்று வழக்கு எழுதுவது எளிதன்று. குறிப்புப் பொருளால் பேசுவது தமிழ்க் கவிதைக்குப் பழக்கமானதே. அகப்பாட்டில் உள்ளுறை உவமம் படித்த மாணவர்க்கு இது புதிதன்று. எழுத்தறியாத உழவரும் அதே முறையில் பொருள் கொண்டனர் என்பதே நாம் வியக்க வேண்டியது.

எளிதன்று என்றேனே ஒழிய, அரசு வாளாவிருந்துவிடவில்லை. தாஸ் பலமுறை கைதானார். இருபத்தொன்பது முறை சிறை சென்றார் என்பது மரபாகச் சொல்லப்படும் கணக்கு. அவருக்காக நெல்லையில் வ. உ. சிதம்பரம் பிள்ளை வழக்காடினார் என்றும் கூறுவர். ஒருமுறை முருக வேடத்தில் அவர் மேடையில் நின்றபோது காவலர் ஆணையுடன் வந்தனராம். ஆணையில் உள்ள பெயர் விசுவநாததாஸ். இங்கே நிற்பவனோ முருகன். வேடம் கலைந்த பின் வந்து அழைத்துச் செல்லுங்கள் என்று அவர் சொல்லி அனுப்பினாராம். இக்கதை சொல்வார்க்குச் சொல்வார் சற்றே மாறும். எனினும் அன்றைய மேடையின் நிலையை இது நன்கு காட்டுகிறது. முன்னே அமர்ந்திருந்த மக்களில் பலர்க்கு வேடமணிந்தவர் வெறும் நடிகரல்லர். அவரைத் தொட்டு இழுத்துச் செல்லக் காவலரும் தயங்கினர்.

இனி, இப்புகழ்க்கதைகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் ஒன்றைச் சொல்ல வேண்டும். தாஸ் முடிதிருத்தும் தொழில் செய்யும் மருத்துவர் குலத்தில் தோன்றியவர். மேடையில் முருகனாக வணங்கப்பட்டவருக்கு மேடையின் பின்புறம் வேறு நடைமுறை இருந்தது. அவருக்கு இணையாக வள்ளி வேடமேற்க மறுத்த நடிகைகள் உண்டு. காரணம் குலம் ஒன்றே. வெள்ளையரை ஓட்டும் பாட்டுக்குக் கைதட்டிய அதே சமுதாயம் செய்த செயல் இது. அவர் மறக்கப்பட்டதற்கு இசைத்தட்டு இல்லாமை மட்டுமே காரணமென்று நான் கருதவில்லை. ஒருவரை நினைவில் வைத்துக் கொண்டாடுதற்குச் செல்வமும் செல்வாக்கும் உள்ள கூட்டம் ஒன்று வேண்டியிருக்கிறது; அத்தகைய கூட்டம் அவர் பின்னால் இல்லை.

காலமும் மாறியது. 1931 அக்டோபர் 31-ஆம் நாள் 'காளிதாஸ்' என்னும் முதல் தமிழ்ப் பேசும்படம் வெளிவந்தது. பாஸ்கரதாஸின் தேசியப் பாடல்களே அதிலும் ஒலித்தன. ஆயின் பாடிய இடம் மாறிவிட்டது. நாடகக் கொட்டகைகள் பல படக்கொட்டகைகளாயின. புகழ்பெற்ற நடிகர் ஒருவர்பின் ஒருவராகத் திரைக்குச் சென்றனர். வழக்குகளும் சிறைவாசமும் தாஸின் கைப்பொருளைக் கரைத்தன. திருமங்கலத்து வீடு கடனுக்கு ஈடாயிற்று. தேசியப் பாட்டை விட்டுவிட்டு அரசுக்கு ஆதரவாகப் பாடினால் கடன் தீரும் என்று ஆசை காட்டியவர்களும் இருந்தனர் என்றும், அவர் இணங்கவில்லை என்றும் கூறுவர்.

அக்கடனைத் தீர்க்கும் பொருட்டே 1940-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் சென்னையில் நாடகமாட வந்தார். டிசம்பர் 31-ஆம் நாள் இரவு, ராயல் தியேட்டரில் 'வள்ளி திருமணம்'. முருகனாக மயில்மேல் அமர்ந்து பாடத் தொடங்கினார். பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர் பிரிந்தது. அவையோர் முதலில் அதனை நடிப்பென்றே எண்ணினராம். அப்போது அவருக்கு வயது ஐம்பத்து நான்கு. முருக வேடத்தைக் கலைக்காமல், அம்மயிலோடே வைத்து அவர் உடலைச் சென்னைத் தெருக்களில் ஊர்வலமாகக் கொண்டு சென்றனர் என்பர். விடுதலைக்கு இன்னும் ஆறரை ஆண்டுகள் இருந்தன.

அதன்பின் நெடுங்காலம், ஊர்ப் பெரியோர் பேச்சிலும் நாடகக்காரர் நினைவிலும் மட்டுமே அவர் வாழ்ந்தார். விடுதலைப் போராட்ட வரலாறு எழுதியோர் மாநாடுகளையும் தீர்மானங்களையும் தலைவர்களையும் எழுதினர், கொட்டகையை எழுதவில்லை. கூத்தாடிகளின் பாட்டு வரலாற்றுக்குச் சான்றாகுமா என்ற எண்ணமே காரணம். இப்போக்கை மாற்றியவருள் சு. தியடோர் பாஸ்கரன் குறிப்பிடத்தக்கவர். அவர் பழைய அரசாங்கக் கோப்புக்களைத் தேடிப் படித்தார். உயிரோடிருந்த முதிய நடிகர்களைச் சந்தித்துக் கேட்டார். 1981-இல் வெளிவந்த 'தி மெசேஜ் பேரர்ஸ்' என்னும் அவருடைய ஆங்கில நூல், தென்னிந்திய மேடையும் திரையும் தேசிய இயக்கத்திற்கு ஆற்றிய பணியை விரித்துரைத்தது. பின்னர், பாஸ்கரதாஸ் பல ஆண்டுகள் எழுதிவந்த நாட்குறிப்புக்களும் அவருடைய பேரரின் முயற்சியால் நூலாயின.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பாட்டை ஒழிக்க எண்ணிய அரசே அதனைப் பற்றிய பதிவுகளைக் காத்து வைத்தது. தடை செய்வதற்காகப் பாட்டுப் புத்தகத்தைப் பறிமுதல் செய்தார்கள். பறிமுதல் செய்ததால் கோப்பில் வைத்தார்கள். கோப்பில் இருந்ததால் ஆராய்ச்சியாளர் கையில் கிடைத்தது. ஆனால் கோப்பில் பாட்டின் சொல் இருக்கும். பாடிய முறை இராது. எந்த அடியில் நிறுத்தினார், எந்தச் சொல்லை எவ்வளவு நீட்டினார், அவையை எப்போது திரும்பிப் பார்த்தார் என்பவற்றைக் காவலர் குறித்துக்கொள்ளவில்லை. இவற்றை முதியோரைக் கேட்டுத்தான் அறிய முடியும். மாணவராகிய நீங்கள் ஓர் ஊரின் வரலாற்றை எழுதப் புகுந்தால், கல்வெட்டைத் தேடும் அதே ஆர்வத்தோடு, அவ்வூர்த் திருவிழாவில் யார் யார் வந்து பாடினார்கள் என்பதையும் விசாரித்து எழுதிக்கொள்ளுங்கள். நாள் தாழ்த்தாமல் செய்யுங்கள்.

திருமங்கலத்தில் இன்று தாஸ் பெயரால் நினைவகம் ஒன்று இருக்கிறது. தென்மாவட்டங்களின் திருவிழா இரவுகளில் 'வள்ளி திருமணம்' இன்னும் நடைபெற்று வருகிறது. பின்னிரவில் தினைப்புனக் காட்சி வரும். வள்ளி பரண்மேல் ஏறிப் பறவை ஓட்டுவாள். ஆர்மோனியம் சுருதி கூட்டும்.