எடைக்கருவி காட்டாதது: லுக்கீமியா சிகிச்சையில் குழந்தைகளின் ஊட்டநிலை

குழந்தைகளைத் தாக்கும் இரத்தப் புற்றுநோய்களில் மிகுதியானது கடுமையான லிம்போபிளாஸ்டிக் லுக்கீமியா. அதற்கு கீமோதெரபி பெறும் குழந்தையின் ஊட்டநிலையை எடையை மட்டும் கொண்டு மதிப்பிடுவது தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நோய் கண்டறியப்படும் நாளிலேயே எடை பிழைபடத் தொடங்குகிறது. வீங்கிய கல்லீரலும் மண்ணீரலும் அதில் சேர்ந்துவிடுகின்றன. முதற்கட்டச் சிகிச்சையில் ஏறத்தாழ நான்கு வாரம் பிரெட்னிசலோனோ டெக்சாமெத்தசோனோ தரப்படும்போது குழப்பம் முற்றுகிறது. பசி பெருகும், முகம் உப்பும், உடலில் நீரும் கொழுப்பும் சேரும். அதே மருந்து தசைப் புரதத்தைக் கரைத்துக்கொண்டும் இருக்கும். பிள்ளைக்குச் சதை பிடித்துவிட்டது என்று வீட்டார் மகிழும் அதே வாரங்களில், படியேறக்கூட முடியாதபடி அவன் தொடைகள் வலுவிழக்கலாம். இரத்தத்தின் ஆல்புமின் அளவையும் அப்போது நம்ப முடியாது. அஸ்பராஜினேஸ் தொடங்கியபின், நன்றாகச் சாப்பிடும் குழந்தைக்கும் ஆல்புமின் குறையும். கல்லீரலின் புரத உற்பத்தியையே அம்மருந்து தடுக்கிறது.

மேற்கையின் நடுச்சுற்றளவும் தோல்மடிப்பின் தடிமனும் இவ்வளவு எளிதில் ஏமாற்றுவதில்லை. இந்நோய் மிகுதியாகக் காணப்படுவது 2 முதல் 5 வயதில். அந்த வயதுப் பிள்ளைகளின் கையை அளக்கும் நாடா நம் அங்கன்வாடிகளில் ஏற்கெனவே இருக்கிறது, 11.5 செ.மீ.க்குக் கீழே போனால் கடும் ஊட்டக்குறை. புற்றுநோய்ப் பிரிவிலும் அது புழங்குவதற்குப் பெருஞ்செலவு எதுவும் தேவையில்லை.

அளந்து என்ன பயன் என்று கேட்கலாம். குவாத்தமாலாவில் நடந்து 2013-ல் வெளியான ஆய்வு இதற்கு விடை தருகிறது. ஊட்டம் குன்றிய நிலையில் வந்த குழந்தைகளில், ஆறு மாதத்துக்குள் தேறியவர்கள் உயிர் பிழைத்த விகிதம், தொடக்கத்திலேயே நல்ல ஊட்டத்தோடு வந்தவர்களின் விகிதத்தை நெருங்கியிருந்தது. ஊட்டம்தான் காத்தது என்று இத்தகைய கண்காணிப்பு ஆய்வைக் கொண்டு அறுதியிட முடியாது. நோய் நன்கு கட்டுப்பட்டதால் உடல் தேறியிருக்கவும் கூடும். எனினும் ஊட்டக்குறையை மாற்ற முடியாத விதியாகக் கருதி ஒதுக்குவதற்கு இனி நியாயமில்லை.

நம் வீடுகளில் இதற்குக் குறுக்கே நிற்பது பத்தியம். மெத்தோட்ரெக்ஸேட்டால் வாய்ப்புண், வின்கிறிஸ்டினால் மலச்சிக்கல் என்று ஏற்கெனவே சுருங்கிவிட்ட உணவில் மேலும் விலக்குகளைச் சுமத்துகிறோம். பச்சைக் காய்கனிகளை விலக்கும் உணவுமுறையை, உணவுத் தூய்மை விதிகளை மட்டும் பின்பற்றுவதோடு ஒப்பிட்ட 2018-ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வு, தொற்று விகிதத்தில் வேறுபாடு காணவில்லை. பாலிலுள்ள ஒரு நொதி 6-மெர்காப்டோப்யூரின் மாத்திரையைச் சிதைக்கும் என்ற அச்சமும் அப்படித்தான். பாலோடு மாத்திரை விழுங்கியவர்களுக்கு நோய் திரும்புவது கூடவில்லை என்று 2017-ல் வெளியான ஆய்வு காட்டியது. மாத்திரையைத் தவறவிடுவதுதான் உண்மையான ஆபத்து.

ஒரு விலக்கை மட்டும் நான் வலியுறுத்துவேன்: ஃபோலிக் அமிலம் கலந்த டானிக். காரணத்தை அந்த அமிலத்தின் வரலாறே சொல்லும். பம்பாயில் கருவுற்ற பெண்களின் சோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ், ஈஸ்ட் சாறு அதைக் குணப்படுத்துவதை 1931-ல் அறிவித்தார். அதிலிருந்த சத்தே ஃபோலிக் அமிலம் எனப் பின்னர் தெரிந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவின் ஆய்வுக்குழு அமெரிக்காவில் அந்த அமிலத்தையும் அதற்கு எதிரான சேர்மங்களையும் உருவாக்கியது. ஃபோலிக் அமிலம் லுக்கீமியாவைத் தூண்டுவதாகக் கருதிய சிட்னி ஃபார்பர், எதிர்ச்சேர்மமான அமினோப்டெரினைக் கொடுத்து, நோய் தற்காலிகமாகத் தணிந்ததை 1948-ல் வெளியிட்டார். இன்றைய மெத்தோட்ரெக்ஸேட்டும் ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுத்தே புற்றணுக்களைக் கொல்கிறது. ஆகவே, தெம்புக்கு என்று கடையில் வாங்கும் ஃபோலிக் அமிலம் கலந்த டானிக்கை, சிகிச்சை தரும் மருத்துவரிடம் காட்டாமல் இக்குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது.