ஜகார்த்தாவில் வென்ற தங்கம்

1962ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 4ஆம் நாள். இந்தோனேசியத் தலைநகராகிய ஜகார்த்தாவில் நான்காவது ஆசிய விளையாட்டுப் போட்டிகளின் கால்பந்து இறுதி ஆட்டம். ஒருபுறம் தென்கொரியா, மறுபுறம் இந்தியா. ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் அரங்கில் நிறைந்திருந்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் இந்தியா தோற்க வேண்டுமென்றே விரும்பினர். அத்தகைய இடத்தில் நம்மவர் பதினொருவர் இறங்கி ஆடித் தங்கம் வென்றனர். அந்த அணியைப் பற்றியும் அதனை உருவாக்கிய ஓர் ஆசிரியரைப் பற்றியும் இங்கே சிறிது சிந்திப்போம்.

அவ்வெற்றி திடீரென வாய்த்ததன்று. அதன் பின்னே பதினான்கு ஆண்டுக் கால உழைப்பு உண்டு. நாடு சுதந்தரம் பெற்ற மறு ஆண்டில், 1948ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக் போட்டியில், இந்திய அணி பிரான்சை எதிர்த்து ஆடிற்று. நம் ஆட்டக்காரருள் பலர் பூட்ஸ் அணியாது வெறுங்காலோடு ஆடினர். இரண்டு பெனால்டி வாய்ப்புகள் கிடைத்தும் இரண்டும் வீணாயின. சாரங்கபாணி ராமன் ஒரு கோல் அடித்து ஆட்டத்தைச் சமன் செய்தார். எனினும் கடைசி நேரத்தில் பிரான்சு மேலும் ஒரு கோல் போட்டு 2-1 என வென்றது. கண்டவர் நம்மவரின் திறமையைப் பாராட்டினர். ஆயினும் பாராட்டு வேறு, வெற்றி வேறு அல்லவா?

நான்கு ஆண்டுகள் கழித்து ஹெல்சிங்கியில் அவ்வேறுபாடு தெள்ளத் தெளிய விளங்கிற்று. 1952ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா நம்மை 10-1 என்ற கணக்கில் தோற்கடித்தது. அதன் பின்னரே, பூட்ஸ் அணிந்துதான் ஆட வேண்டும் என்று அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் விதி செய்தது.

அத்தோல்வியை அருகிருந்து கண்டவர் சையது அப்துல் ரஹீம். 1909ஆம் ஆண்டு ஹைதராபாத்தில் பிறந்தவர். பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். எல்லோராலும் ‘ரஹீம் சாஹிப்’ என அழைக்கப்பெற்றவர். அவர் பயிற்றுவித்த ஹைதராபாத் நகரப் போலீஸ் அணி, 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. 1951ஆம் ஆண்டு டில்லியில் நடந்த முதலாவது ஆசியப் போட்டியில் இந்தியா தங்கம் பெற்றதும் அவருடைய பயிற்சியிலேதான். ஆயினும் ஹெல்சிங்கி கற்பித்த பாடத்தை அவர் மறந்தாரில்லை. உடல்வன்மையில் மிக்க ஐரோப்பியரை, பந்தை விரைந்து கைமாற்றும் கூட்டாட்டத்தால்தான் வெல்ல இயலும் என்று கண்டார். ஒருவரே பந்தை உருட்டிச் செல்வதைத் தடுத்து ஆட்டங்கள் நடத்தினார். பழகாத காலால் மட்டுமே உதைக்கும் ஆட்டங்களும் நடத்தினார். பள்ளிப் பிள்ளைக்கு நெடுங்கணக்குச் சொல்லித் தருவதுபோல் அடிப்படையிலிருந்து தொடங்கினார்.

பயன் 1956ஆம் ஆண்டு மெல்போர்னில் தெரிந்தது. ஆஸ்திரேலியாவை அதன் மண்ணிலேயே இந்தியா 4-2 என வென்றது. நெவில் டிசூசா மூன்று கோல் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்த முதல் ஆசியர் அவரே. அரையிறுதியில் யூகோஸ்லாவியாவிடம் 4-1 எனத் தோற்றோம். ஆனால் அன்று முதல் கோல் நம்முடையது. பத்து கோல் வாங்கிய அணி, நான்கே ஆண்டுகளில், உலகின் நான்காம் இடத்தில் நின்றது. 1960ஆம் ஆண்டு ரோமில் பிரான்சோடு 1-1 எனச் சமன் செய்தோம்.

இவ்வாறு வளர்ந்த அணிதான் ஜகார்த்தாவுக்குச் சென்றது. தலைவர் வங்காளத்துச் சுனி கோஸ்வாமி. வலப்புற முன்னணியில் பி. கே. பானர்ஜி. ஹைதராபாத் பக்கத்திலிருந்து துளசிதாஸ் பலராமும் யூசுப் கானும் வந்தனர். கேரளத்துச் சந்திரசேகரும் கோவாவின் பிராங்கோவும் அவ்வணியில் இருந்தனர். பஞ்சாபின் ஜர்னைல் சிங், பிரிவினையின்போது லாயல்பூரை விட்டு வந்த குடும்பத்தவர். கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ். தமிழ்ப் பெயர் தாங்கிய அவர் பிறந்தது ஹைதராபாத்தில். படையில் சேர்ந்து, நீலகிரி வெல்லிங்டனைச் சேர்ந்த மதராஸ் படைப்பிரிவு மையத்துக்காக ஆடினார். அம்மையம் 1955லும் 1958லும் டூராண்டு கோப்பையை வென்றது. இத்தனை தாய்மொழிகள் பேசிய இவர்களுக்கு மைதானத்தில் பொதுமொழி ரஹீம் கற்பித்த ஆட்டமே.

ஜகார்த்தாவில் தொடக்கம் நன்றாக இல்லை. தென்கொரியாவிடமே 2-0 எனத் தோற்றோம். பின்னர்த் தாய்லாந்தை 4-1 என்றும், ஜப்பானை 2-0 என்றும் வென்றோம். தாய்லாந்தோடு ஆடுகையில் ஜர்னைலின் தலை உடைந்தது. தையல் போட வேண்டியதாயிற்று. பின்காவலில் நிற்பவரான அவரை, தலைக்கட்டோடு முன்னணிக்கு அனுப்பினார் ரஹீம். அரையிறுதியில் தென்வியட்நாமை 3-2 என வென்றபோது ஒரு கோல் ஜர்னைல் அடித்தது.

மக்களின் சினத்திற்குக் காரணம் கால்பந்தன்று. தைவான், இஸ்ரேல் நாட்டினருக்கு இந்தோனேசியா அனுமதி வழங்கவில்லை. அங்ஙனமாயின் இதனை ஆசியப் போட்டி என்றே அழைக்கலாகாது என்று, ஒலிம்பிக் குழு உறுப்பினரான ஜி. டி. சோந்தி வாதிட்டார். அவர் இந்தியர். ஆதலின் இந்தியத் தூதரகத்தின் முன் ஆர்ப்பாட்டம் மூண்டது. நம் ஆட்டக்காரர் மீதும் வெறுப்புப் பாய்ந்தது. அந்த அரங்கில் நமக்காகக் குரல் கொடுத்த சிலருள் பாகிஸ்தானின் ஹாக்கி வீரர்களும் இருந்தனர் என்று நம்மவர் பின்னாளில் நன்றியோடு நினைவுகூர்ந்தனர்.

ரஹீம் அப்போது நோயுற்றிருந்தார். நுரையீரற் புற்றுநோய் அவரை அரித்துக்கொண்டிருந்தது. இறுதி ஆட்டத்துக்கு முன்னிரவு, தமக்குத் தங்கம் ஒன்றே வேண்டும் என்று அவர் பிள்ளைகளிடம் கேட்டதாகச் சொல்வர். மறுநாள் 17ஆம் நிமிடத்தில் பானர்ஜி கோல் அடித்தார். 20ஆம் நிமிடத்தில், தலையிற் காயத்தோடு நின்ற ஜர்னைல் இரண்டாவது கோல் அடித்தார். கொரியர் ஒரு கோல் திருப்பியபோது ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தன. எஞ்சிய நேரத்தை நம்மவர் காத்துக் கடந்தனர். 2-1. தங்கம் நமதாயிற்று.

ஒன்பது திங்கள் கழிந்து, 1963ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் ரஹீம் மறைந்தார். அவ்வாண்டிலேயே பலராம், இருபத்தேழு வயதையும் எட்டாத நிலையில், உடல்நலக் குறைவால் ஆட்டத்தை விட்டார். 1964ஆம் ஆண்டு ஆசியக் கோப்பையில் இந்தியா இரண்டாம் இடம் பெற்றது. 1970ஆம் ஆண்டு பாங்காக்கில் வெண்கலம் பெற்றது. அதன்பின் ஆசியப் போட்டிக் கால்பந்தில் நமக்குப் பதக்கம் இல்லை. 1960க்குப் பிறகு ஒலிம்பிக் கால்பந்திலும் இடம் இல்லை.

ஆட்டக்காரர் அதன் பின்னும் தோன்றாமலில்லை. ஆனால் தோல்வியிலிருந்து பாடம் எழுதி, அதைப் பத்தாண்டு பொறுமையோடு கற்பித்த ஓர் ஆசிரியர் போனபின், அந்த இடத்தை நாம் நிரப்பவில்லை என்பதே என் எண்ணம். ஜகார்த்தாவின் தங்கத்தைப் பேசுவோர் கோல் அடித்தவர் பெயரையே முதலிற் சொல்கின்றனர். பள்ளி ஆசிரியர் பெயரை முதலிற் சொல்வதே முறை.

தங்கராஜ் கல்கத்தாவின் மூன்று பெருங் கழகங்களுக்கும் கோல் காத்தார். பொகாரோவில் வாழ்ந்து 2008ஆம் ஆண்டு மறைந்தார். பலராம் வங்காளத்து உத்தரபாடாவில் வாழ்ந்து 2023ஆம் ஆண்டு மறைந்தார். பிறந்த ஊரை விட்டு, சென்ற ஊரைத் தம் ஊராக்கிக்கொண்ட இவர்களின் வாழ்வு, பிற மாநிலங்களில் குடியிருக்கும் நமக்கு அயலானதன்று. நம் பிள்ளைகளும் மாலை வேளையில் வேறு மொழி பேசும் பிள்ளைகளோடு பந்தாடச் செல்கின்றனர். அவர்கள் எத்தனை கோல் அடித்தனர் என்று கேட்பதோடு நில்லாமல், அவர்களுக்கு அங்கே கற்பிப்பவர் யார் என்றும் ஒருநாள் சென்று பார்த்து வருவோமாக.