கொடி: துவளும் துணியா, நிற்கும் நுனியா?

காற்றில் பூங்கொடிபோல் துவள்வதால்தான் துணிக்கொடிக்குக் கொடி என்று பெயர் வந்ததாம். பள்ளிக்கூடம் முதல் பட்டிமன்றம் வரை இதே விளக்கம். கேட்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. அசைவதெல்லாம் கொடி என்றால் நாணலுக்கும் ஆலிலைக்கும் அந்தப் பெயர் ஏன் வரவில்லை? இந்த விளக்கம் துணியை மட்டும் பார்க்கிறது. அது எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்கவில்லை.

உடன்பிறந்த மொழிகளைக் கேட்டால் விடை கிடைக்கும். துளுவில் கொடி என்றால் முனை, கடைசி, தளிர். ஏற்றுகிற கொடியும் அதுதான். குடகு மொழியில் மலையுச்சியும் மர உச்சியும் கொடி. மலையாளத்தில் உச்சிக்கும் நுனிக்கும் கொடி உண்டு. தெலுங்கில் சுடரின் நுனி கொடி. கன்னடத்தில் இது குடி என்று நிற்கும்: கூர்நுனி, தளிர், உச்சி, கொடி. கன்னட நாட்டு விருந்தில் விரிக்கும் நுனி வாழையிலைக்குக் 'குடி பாளெ எலெ' என்று பெயர். நாம் தலைவாழை என்கிறோமே, அதே இலை. அது படரவும் இல்லை, துவளவும் இல்லை. நுனியாக இருப்பதால் குடி.

பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி (1961, திருத்தப் பதிப்பு 1984) நம் கொடியை மலையுச்சியைக் குறிக்கும் கோட்டோடும் குவட்டோடும் குடுமியோடும் ஒரே பதிவில் வைத்திருக்கிறது. திருச்செங்கோட்டில் உள்ள கோடும், மலைக்கும் தலைக்கும் பொதுவான குடுமியும், கொடிமரத்தின் மேலுள்ள கொடியும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். கன்னடத்தில் கொடிக்குக் குடியோடு, ஒலிப்புள்ள ககரத்தால் தொடங்கும் 'குடி' (guḍi) என்ற வடிவமும் உண்டு. மராட்டியர் புத்தாண்டன்று கழியின் உச்சியில் பட்டும் செம்பும் கட்டி வாசலில் நிறுத்துகிற 'குடி'யும் இந்தக் குடும்பம்தான் என்பதில் எனக்கு ஐயமில்லை. படர்கொடிக்கு வந்த பெயரும் பற்றுத் தேடி முன்னே நீளும் அதன் நுனியால் வந்ததே. ஆகவே பூங்கொடி துணிக்கொடிக்குத் தாய் அல்ல, தங்கை.

கேது என்ற வடசொல்லே கொடி ஆயிற்று என்பாரும் உண்டு. ஏகாரம் ஒகரமாகவும் தகரம் டகரமாகவும் திரிய அவர்கள் காட்டும் வழி எதுவும் இல்லை. கொடு என்ற வளைவு வேரைப் பிடித்துக்கொள்வோர், நிமிர்ந்து நிற்கும் கம்பத்தில் வளைவு எங்கே என்று சொல்லட்டும்.

இலக்கியம் என்ன சொல்கிறது? கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது மதில்மேல் நின்ற கொடிகள் வரவேண்டாம் என்று மறித்ததாக இளங்கோ பாடினார். அவர் கண்ணுக்கு அங்கே தெரிந்தது கை, படர்கொடி அல்ல. பட்டினப்பாலை கோயில் வாயில், வாதுசெய்யும் ஆசிரியர் இடம், கள்விற்கும் மனை என்று வரிசையாகக் கொடி காட்டும்போது, நாவாயின் கொடியைப் பாய்மரக் கூம்பின் மேல் வைத்தே காட்டுகிறது. கொடி இருக்குமிடம் கூம்பு. இதுதான் என் பிடி.

பாய்மரக் காலத்துப் பிரிட்டிஷ் கடற்படை இதையே சட்டமாக வைத்திருந்தது. அட்மிரலின் கொடி நடுமரத்து உச்சியில் பறக்கும். வைஸ் அட்மிரலுக்கு முன்மரம், ரியர் அட்மிரலுக்குப் பின்மரம். 1805இல் டிரபால்கர் போரில் நெல்சன் வைஸ் அட்மிரல். விக்டரி கப்பலில் அவர் கொடி முன்மரத்தில் நின்றது. சிவப்பு, வெள்ளை, நீலம் என்ற நிறம் அணியைச் சொன்னது. அந்த நிறப்பிரிவு 1864இல் ஒழிந்தது. பதவியைச் சொன்னது நுனி. நீராவிக் கப்பல்களில் மரங்கள் குறைந்து, உச்சியால் பதவி காட்ட முடியாமல் போன பிறகுதான் துணியில் குறி தேவைப்பட்டது. வெள்ளைத் துணியில் சிவப்புச் சிலுவை. வைஸ் அட்மிரலுக்கு அதில் ஒரு சிவப்பு வட்டம், ரியர் அட்மிரலுக்கு இரண்டு. அட்மிரலுக்கு வட்டமே இல்லை. பதவி உயர உயரத் துணி வெறுமையாகும் இந்த முறை, விண்மீன்களைக் கூட்டிக்கொண்டே போகும் இன்றைய முறைக்கு நேர் எதிர். கடற்படையின் உயர் அதிகாரியை இன்றும் ஃபிளாக் ஆபீசர் என்றே அழைக்கிறார்கள். தன் பெயரில் கொடி ஏற்றும் உரிமை பெற்றவர் என்பது அதன் பொருள்.

துருக்கியர் ஒரு படி மேலே போனார்கள். அவர்கள் மொழியில் சஞ்சக் என்றால் கொடி. குத்து, ஊன்று என்ற வினையிலிருந்து பிறந்த சொல் அது. அங்கும் பெயர் துணியால் வரவில்லை, ஊன்றிய கோலால் வந்தது. சஞ்சக் பெற்ற தலைவன் சஞ்சக் பே; அவன் ஆளும் மாவட்டமும் சஞ்சக். கோலின் தலையில் குதிரைவாலைக் கட்டி, அதன் எண்ணிக்கையால் பதவி காட்டினார்கள்: சஞ்சக் பேக்கு ஒன்று, அவனுக்கு மேலான பேலர்பேக்கு இரண்டு, அமைச்சருக்கு மூன்று. துணியே இல்லாமல் பதவிக்கொடி இருக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அந்தக் குதிரைவால் கோலுக்கு வைத்த குடுமி.

நம் நாட்டில் பழைய வழக்கு வேறு. தொல்காப்பிய மரபியல் கொடியைக் குடையோடும் முரசோடும் சேர்த்து அரசர்க்கு உரியதாக்கியது. படைத்தலைவனுக்கு அரசன் தந்தது ஏனாதிப் பட்டமும் மோதிரமும். கொடியை அரசன் தானே வைத்துக்கொண்டான். புலியும் கயலும் வில்லும் அரசகுடிக்கு உரியவை, பதவிக்கு உரியவை அல்ல. ஆனால் சொல்லில் ஒரு தடயம் தங்கியிருக்கிறது. படையின் முன்னணிக்குத் தூசிப்படை என்று ஒரு பெயர். கொடிப்படை என்று இன்னொரு பெயர். கொடி பிடித்துப் போவதால் கொடிப்படை என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். நடுவிலே வரும் அரசனிடம் கொடி இல்லையா? கொடிப்படை என்றால் படையின் நுனி. துளுவரும் குடகரும் இன்றும் பேசும் பொருள் நம் போர்ச்சொல் ஒன்றுக்குள் அப்படியே இருக்கிறது.

அகராதி தொகுப்போருக்கு ஒரு வேண்டுகோள். கொடி என்ற சொல்லின்கீழ்ப் படர்கொடியை முதலில் வைத்துப் பதாகையை அதன் உவமையாகப் பின்னே தள்ளும் வழக்கத்தை விடுங்கள். முதற்பொருளாக உச்சி, நுனி என்று எழுதுங்கள். உங்கள் ஊர்ப் பேச்சில் மரத்தின் நுனிக்கோ மலையின் உச்சிக்கோ கொடி என்ற சொல் இன்னும் வழங்கினால், வாசகரே, அதை இடம் குறித்து எழுதி அனுப்புங்கள்.