கேட்பவர் யார்? – ஓர் ஆய்வு மையத்தின் வரலாறு

1950ஆம் ஆண்டு. துருக்கியின் தலைநகரான அங்காராவிலிருந்து ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் தொலைவில் பால்கத் என்றொரு சிற்றூர் இருந்தது. வினாத்தாளுடன் அங்குச் சென்ற ஒருவர், ஊர்த் தலைவர், மளிகைக் கடைக்காரர், ஆட்டிடையர் ஆகியோரிடம் சில கேள்விகளைக் கேட்டார். வானொலி கேட்பதுண்டா? நாட்டின் அதிபராக இருந்தால் என்ன செய்வீர்கள்? துருக்கியை விட்டால் வேறெந்த நாட்டில் வாழ விரும்புவீர்கள்? அதிபர் பதவி பற்றிய கேள்வி தம்மைப் போன்ற ஏழையிடம் கேட்கத் தகாதது என்று இடையர் திகைத்துப் போனார். அமெரிக்காவில் பெரியதொரு கடை வைக்க வேண்டும் என்பது கழுத்துப்பட்டை அணிந்த மளிகைக்காரரின் கனவாக இருந்தது. ஊர்த் தலைவரோ, பிறந்த மண்ணிலேயே இறக்கவும் விரும்புவதாக அமைதியாகக் கூறிவிட்டார்.

துருக்கி, லெபனான், ஜோர்டான், எகிப்து, சிரியா, ஈரான் ஆகிய ஆறு நாடுகளில் இத்தகைய நேர்காணல்கள் நடத்தப்பட்டன. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிறுவனம் ஒன்று இப்பணியை மேற்கொண்டது. அதன் பின்னால் இருந்தது 'வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா' வானொலி. தன் ஒலிபரப்பு மத்திய கிழக்கில் எவரைச் சென்றடைகிறது என்பதை அறிய அது விரும்பியது. பின்னர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியரான டேனியல் லெர்னர், இத்தரவுகளைக் கொண்டு 1958இல் எழுதிய நூல் பல்லாண்டுகள் பாடநூலாகப் போற்றப்பட்டது. மரபு கரைந்து நவீனம் வெல்லும், அந்த மாற்றத்தை ஊடகம் விரைவுபடுத்தும் என்பது அதன் சாரம்.

பால்கத் மக்கள் சொன்ன விடைகளை நூல் பதிவு செய்தது. கேள்வியை அனுப்பியவர் யார், ஏன் அனுப்பினார் என்பதை அம்மக்கள் கேட்கவில்லை. கேட்கும் நிலையிலும் அவர்கள் இல்லை. அக்கேள்வியை இன்று நாம் கேட்கலாம். அதற்கு மாசசூசெட்ஸ் கழகத்தின் பன்னாட்டு ஆய்வு மையத்துடைய வரலாறு நல்லதோர் எடுத்துக்காட்டு.

தோற்றம்

1950இல் சோவியத் ஒன்றியம் அமெரிக்க வானொலி ஒலிபரப்புகளை இரைச்சலிட்டுத் தடுத்துக்கொண்டிருந்தது. இதற்கு வழி காணுமாறு அமெரிக்க வெளியுறவுத் துறை அக்கழகத்தை நாடியது. 'டிராய் திட்டம்' எனப் பெயரிடப்பட்ட அப்பணியில் இயற்பியலாளருடன் வரலாற்றாசிரியர், மானிடவியலாளர், உளவியலாளர் முதலியோரும் ஒன்றுகூடினர். இரைச்சலைத் தாண்டுவது பொறியியல் சிக்கல்தான். ஆனால் தாண்டிச் சென்று எதைச் சொல்வது என்பது சமூக அறிவியலின் சிக்கல் என்பதை அவர்கள் உணர்ந்தனர். இவ்வுணர்விலிருந்தே 1951–52இல் பன்னாட்டு ஆய்வு மையம் பிறந்தது.

அதன் முதல் இயக்குநரான மாக்ஸ் மில்லிகன் ஒரு பொருளியலாளர். மையத்தின் தொடக்கக் காலத்தில் அவர் விடுப்பெடுத்து சி.ஐ.ஏ. உளவு நிறுவனத்தில் உயர் பொறுப்பு வகித்துத் திரும்பினார். மையத்தின் தொடக்க நிதியில் ஒரு பகுதி அவ்வுளவு நிறுவனத்திலிருந்தே வந்தது; பின்னர் ஃபோர்டு அறக்கட்டளையும் தாராளமாக உதவியது. மையத்தின் முன்னணி அறிஞரான வால்ட் ரோஸ்டோ சோவியத் சமுதாயத்தைப் பற்றி எழுதிய ஆய்வு இரு வடிவங்களில் உருவாயிற்று. ஒன்று அரசின் இரகசிய வட்டத்துக்குரியது. மற்றது பொதுமக்கள் விலைகொடுத்து வாங்கிப் படிப்பதற்குரியது. கடையில் நூலை வாங்கியவருக்கு அதற்கொரு மூத்த உடன்பிறப்பு இருந்தது தெரியாது.

ஒரே மையம், இரு பார்வைகள்

உளவு நிறுவனத்தின் பணம் பட்டதெல்லாம் பொய்யாயிற்று என்று முடிவு கட்டிவிடுவது எளிது. ஆனால் வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. 1952 முதல் 1954 வரை கிளிஃபோர்டு கீர்ட்ஸ் உள்ளிட்ட இளம் ஆய்வாளர் குழு ஒன்று கிழக்கு ஜாவாவின் பாரே நகரில் தங்கி ஆய்வு நடத்தியது. நகரின் பெயரை மறைத்து 'மொஜோகுட்டோ' என்று எழுதினர். ஹார்வர்டில் வேரூன்றி இம்மையத்துடன் இணைந்த இத்திட்டத்திற்கு ஃபோர்டு அறக்கட்டளை நிதி அளித்தது. கீர்ட்ஸ் உள்ளூர் மொழியைக் கற்று, மக்களோடு வாழ்ந்து, ஜாவா முஸ்லிம்களிடையே நிலவிய சமய வேறுபாடுகளை எழுதினார். 1960இல் வெளிவந்த அவரது நூலின் வகைப்பாடுகளைப் பிற்கால அறிஞர் பலர் மறுத்துள்ளனர். எனினும், அதை மறுப்பதற்கும் அந்நூலைக் கற்றே ஆக வேண்டியிருந்தது.

லெர்னரின் நூலுடன் இதனை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். 1954இல் லெர்னர் தாமே பால்கத்துக்குச் சென்றபோது பேருந்தும் மின்சாரமும் அங்கு வந்துவிட்டிருந்தன, மளிகைக்காரர் இறந்துவிட்டிருந்தார். தம் கோட்பாடு மெய்ப்பட்டதாக லெர்னர் கருதினார். ஆனால் அவர் ஆய்ந்த ஆறு நாடுகளுள் ஒன்றான ஈரானில் 1979இல் நிகழ்ந்தது என்ன? நவீன ஊடகமான ஒலிநாடாவே சமயத் தலைவரின் உரைகளை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. ஊடகம் வந்தால் சமயத்தின் பிடி தளரும் என்ற கணிப்பு அங்கே தலைகீழாயிற்று. லெர்னர் பொய் சொல்லவில்லை, தரவைத் திரிக்கவுமில்லை. வானொலியை எவர் கேட்கிறார் என்பதறிய எழுதப்பட்ட வினாத்தாளில், மக்கள் தம் சமயத்தை எவ்வாறு புதிதாக வாழ்கின்றனர் என்ற கேள்விக்கு இடமே இருக்கவில்லை. புரவலரின் செல்வாக்கு விடைகளில் அன்று, கேளாமல் விடப்பட்ட கேள்விகளில்தான் ஒளிந்திருக்கிறது.

இந்தியாவும் வியட்நாமும்

1957இல் மில்லிகனும் ரோஸ்டோவும் ஒரு முன்மொழிவை நூலாக வெளியிட்டனர். வறிய நாடுகளுக்கு நீண்டகாலப் பொருளாதார உதவி அளிப்பதே அமெரிக்காவின் பாதுகாப்புக்கு உகந்தது என்று அதில் வாதிட்டனர். அக்காலத்தில் இந்தியா கடும் அந்நியச் செலாவணி நெருக்கடியில் இருந்தது. 1958இல் செனட்டர்கள் ஜான் கென்னடியும் ஜான் ஷெர்மன் கூப்பரும் இந்தியாவுக்கு உதவக் கோரித் தீர்மானம் கொண்டு வந்தபோது அதன் பின்புலத்தில் இவ்வறிஞர்களின் உழைப்பு இருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் உலக வங்கியின் முயற்சியால் இந்திய உதவிக் கூட்டமைப்பு கூடியது. மையத்தின் பொருளியலாளர் பலர் தில்லியில் தங்கி, நம் திட்டமிடலாளருடன் இணைந்து பணியாற்றினர்.

1964இல் டேவிட் வைஸ், தாமஸ் ராஸ் ஆகிய இதழாளர்கள் எழுதிய நூல் மையத்திற்கும் உளவு நிறுவனத்திற்கும் இருந்த தொடர்பை ஊரறியச் செய்தது. இந்தியப் பணிக்குக் கைகொடுத்தது அறக்கட்டளைகளின் நிதியே. ஆயினும் ஐயம் என்பது கணக்கேட்டைப் பார்த்து வருவதில்லையே! 1960களின் நடுப்பகுதியில் அப்பணி முடிவுக்கு வந்தது. நேர்மையாக உழைத்தவரும் ஒளிவாகப் பணம் பெற்றவரும் ஒரே தட்டில் நிறுத்தப்பட்டனர். மறைத்தவர்கள் இழந்தது தம் பெயரை மட்டுமன்று. மறைக்க ஏதுமில்லாத தோழர்களின் பெயரையும்தான். 1966இல் மையம் உளவு நிறுவனத்துடனான ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது.

அதே ஆண்டு ரோஸ்டோ அதிபர் ஜான்சனின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகரானார். சமுதாயங்கள் ஒரே படிக்கட்டில் ஏறுகின்றன என்று 1960இல் நூல் எழுதிய அவர், வட வியட்நாம் மீதான குண்டுவீச்சின் உறுதியான ஆதரவாளராக விளங்கினார். எல்லாச் சமுதாயமும் எங்கே போய்ச் சேரும் என்பது முன்பே தெரிந்துவிட்டதாக நம்புபவருக்கு, வழியில் நிற்கும் மக்களின் சொல் தடையாகவே தோன்றும் போலும். 1969 நவம்பரில் மாணவர்கள் இம்மையத்தின் முன் திரண்டு போராடினர். பதவி முடிந்த ரோஸ்டோவை அவருடைய பழைய கழகம் மீண்டும் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார்.

பக்தாத் வரை

வரலாறு அத்துடன் நின்றிருந்தால் தீர்ப்பெழுதுவது எளிதாகியிருக்கும். ஆனால் 2002 செப்டம்பரில் 33 அமெரிக்க அறிஞர்கள், ஈராக் போர் தம் நாட்டின் நலனுக்கு உகந்ததன்று என 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழில் விளம்பரம் வெளியிட்டனர். இக்கழகத்தில் பாதுகாப்பியல் பயிற்றுவித்த பேரி போசன், ஸ்டீஃபன் வான் எவேரா ஆகியோரும் அதில் கையொப்பமிட்டிருந்தனர். தேசியப் பாதுகாப்பைக் கற்பவர் அரசுக்கு ஆமென்று மட்டுமே சொல்ல வேண்டியதில்லை என்பதற்கு அது சான்று.

போரில் மாண்ட ஈராக்கியரை எண்ணும் ஆய்வு ஒன்றுக்கும் இதே மையம் முன்கையெடுத்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தாரும் பக்தாதின் அல்முஸ்தன்ஸிரிய்யா பல்கலைக்கழக மருத்துவர்களும் அதனை நடத்தினர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அப்பாஸிய கலீஃபா அல்முஸ்தன்ஸிர் நிறுவிய மத்ரஸாவின் பெயர் தாங்கிய பல்கலைக்கழகம் அது. 1,849 குடும்பங்களிடம் திரட்டிய விவரங்களைக் கொண்டு, படையெடுப்பால் மேலதிகமாக நேர்ந்த இறப்புகள் சுமார் 6,55,000 என 2006 அக்டோபரில் 'லான்செட்' இதழில் மதிப்பிடப்பட்டது. பால்கத்தில் கேட்கப்பட்டது வானொலி பற்றி. இங்கே கேட்கப்பட்டது, உங்கள் வீட்டில் இறந்தவர் யார் என்பது.

இம்மதிப்பீடும் கடும் விவாதத்திற்குள்ளானது. 2008இல் வெளியான மற்றோர் ஆய்வு, ஏறத்தாழ அதே காலத்தின் வன்முறை இறப்புகளை 1,51,000 என்றே கணித்தது. முதல் ஆய்வின் நிதியில் ஒரு பகுதி போரை எதிர்த்த செல்வந்தர் ஜார்ஜ் சோரஸின் அறக்கட்டளையிலிருந்து வந்தது பின்னர்த் தெரியவந்தபோது, எதிர்த்தரப்பினர் கேட்டதும் அதே பழைய கேள்விதான்: பணம் கொடுத்தவர் யார்?

அக்கேள்வி நமக்கு உவப்பான முடிவைத் தரும் ஆய்வையும் விட்டுவைக்கக் கூடாது. அதே வேளையில், அக்கேள்வியே தீர்ப்பாகவும் ஆகிவிடாது. அது விசாரணையின் வாயில் மட்டுமே. அறிவிப்பாளரின் நேர்மையை ஆராய்ந்த பின்னரும் அறிவிப்பின் கருத்தைத் தனியே ஆராயும் முறையைக் கற்றவர்களுக்கு இது புதிதன்று. கொடுத்தவர் யார் என்று கேட்போம்; கேளாமல் விடப்பட்டது எது என்றும் கேட்போம்; அதன்பின் சொல்லப்பட்டதை அதன் சான்றுகளைக் கொண்டு நிறுத்துப் பார்ப்போம். பால்கத்தின் இடையருக்குக் கிட்டாத அவ்வாய்ப்பு இன்று படிப்பவர் ஒவ்வொருவருக்கும் இருக்கிறது.