கூண்டுக்கிளியும் சட்டமும்

திண்ணையோரம் தொங்கிய கிளிக்கூண்டு நம் ஊர்களில் எவர் கண்ணையும் உறுத்தியதில்லை. மிளகாய்ப் பழத்தைக் கொத்தித் தின்று, சொன்னதைத் திருப்பிச் சொல்லும் பச்சைக்கிளி வீட்டுப் பிள்ளையாகவே கருதப்பட்டது. சாலையோரத்தில் சீட்டெடுத்துக் கொடுத்ததும் அதே கிளிதான். அதை வளர்ப்பது குற்றம் என்று கேட்டவுடன் பலர் வியக்கின்றனர், சிலர் சினக்கின்றனர். "கடையில் விற்கும் லவ் பேர்ட்ஸை வளர்க்கலாமாம், நம் வயல்வெளிக் கிளியை வளர்க்கக் கூடாதாம்; இது என்ன நியாயம்?" என்று வினவுகின்றனர். வினா நியாயமானதே. விடை வரலாற்றில் இருக்கிறது.

காட்டுயிர் யாருக்குச் சொந்தம்? கி.பி. 533-இல் பேரரசர் யுஸ்தீனியன் வெளியிட்ட உரோமைச் சட்டநூல் இதற்கு விடை கூறியது. விலங்கும் பறவையும் மீனும் பிடிபடும்வரை எவருக்கும் உரியனவல்ல. பிடித்தவருக்கே அவை உடைமை. ஆயினும் காவலிலிருந்து தப்பி, தன் இயல்பான விடுதலையை மீண்டும் அடைந்த உயிரின்மேல் பழைய உடைமையாளருக்கு உரிமையில்லை என்றும் அந்நூல் உரைத்தது. பிற்காலச் சட்டங்கள் பலவற்றுக்கும் இதுவே ஊற்றாயிற்று.

நம் நாட்டில் ஆங்கிலேயர் 1887-இலும் 1912-இலும் இயற்றிய சட்டங்கள், சில உயிரினங்களுக்குக் குறிப்பிட்ட பருவத்தில் மட்டுமே காவலளித்தன. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமே பெரும் திருப்பம். கொல்வது மட்டுமன்று, பிடிப்பதும் வேட்டையே. கூட்டைக் குலைப்பதும் முட்டையை எடுப்பதும் வேட்டையே என்றது அது. சட்டத்தை மீறிப் பிடித்த உயிர், பிடித்தவருக்கன்று, அரசுக்கே உரியது என்றும் விதித்தது. 1991-இல் வந்த திருத்தம் தடையை மேலும் இறுக்கியது. மரப்பொந்திலிருந்து திருடப்பட்ட குஞ்சே கூண்டுக்கிளியாகிறது என்பதை எண்ணினால் தடையின் காரணம் விளங்கும்.

லவ் பேர்ட்ஸ் என்று நாம் அழைக்கும் சிறு கிளியின் கதை வேறு. ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட அப்பறவையை 1840-இல் ஜான் கூல்ட் உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். இன்று கடைகளில் உள்ளவை தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்தவை. ஆனால் அயல்நாட்டு உயிர்கள் எல்லாவற்றுக்கும் இச்சலுகை இல்லை. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்த 1973-இல் வாஷிங்டனில் பன்னாட்டு உடன்படிக்கை உருவாயிற்று. 1976-இல் இந்தியா அதில் இணைந்தது. அப்பட்டியலில் உள்ள ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி போன்றவற்றை வைத்திருப்போர் அரசிடம் பதிவு செய்தல் வேண்டும் என்பதை 2022-ஆம் ஆண்டின் திருத்தமும் 2024-ஆம் ஆண்டின் விதிகளும் கட்டாயமாக்கின.

அறியாமல் பச்சைக்கிளி வளர்த்தோர் என் செய்வது? கூண்டைத் திறந்துவிட்டால் போதும் என்று எண்ணுதல் கூடாது. இறகு வெட்டப்பட்டு, கையூட்டிய இரையில் வளர்ந்த பறவைக்கு வானமே ஆபத்தாகிவிடும். வனத்துறையிடம் ஒப்படைப்பதே முறை. பிரிவு வலிக்கும்; பிள்ளைகள் அழக்கூடும். எனினும் விடுதலையே பறவையின் இயல்பு என்பதைப் பிடித்தவனுக்கு உரிமை தந்த பழஞ்சட்டமே மறுக்கவில்லை. நாமும் மறவாதிருப்போம்.